தங்கச்சிமடத்து வீட்டுக்கு ஒரு பாலிசி

குவைத்தில், ஃபஹாஹீலில் எங்கள் கட்டிடத்தில் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. அத்தனை பேரிலும் வீட்டில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டிருந்த அசடு நான் ஒருவன்தான். கப்பல் கம்பெனி ஆபீசில் பகலெல்லாம் தட்டிவிட்டு வந்தால், சாயங்காலம் கட்டிடத்துக்காரர்களுக்குத் தட்ட வேண்டும். லீவு விண்ணப்பம், பள்ளிக்கூட விண்ணப்பம், விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலுக்குக் கெஞ்சல் கடிதம். அப்படித்தான் 1978-இல் அன்னபாக்கியம் அக்காவின் இன்சூரன்ஸ் விவகாரம் என் தலையில் வந்து விழுந்தது.

அக்கா எங்களுக்கு மேல்மாடி. பிரசவ வார்டில் நர்ஸ். வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வார்டில் எட்டுக் குழந்தைகள் சேர்ந்து அழுதாலும் அவருக்குத் தலைவலி வராது. மீன்காரன் நூறு ஃபில்ஸ் கூடச் சொன்னால் வந்துவிடும். சொந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். அறுபத்து நாலாம் வருஷத்துப் புயல் அவர்கள் குடிசையை வழித்து எடுத்துக்கொண்டு போனபோது அவர் மதுரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். திரும்பிப் போனபோது வீடு இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லையாம். அன்றைக்கு மனசுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டார்: அதே ஊரில், காற்று அசைக்க முடியாத காங்கிரீட் வீடு.

பதிமூன்று வருஷம் கழித்துக் கட்டியும் விட்டார். இரண்டு அறை, ஒரு ஹால், ஒரு சமையலறை, மேலே தளம். ஆனால் லீவு முடிந்து விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்புதான் சுண்ணாம்பு அடித்து முடித்தார்கள். சர்ச்சின் பங்குச்சாமியார் வெளியூர் போயிருந்தார். சாமியார் வந்து மந்திரிக்காமல், வீட்டுக்காரி கையால் பால் காய்ச்சாமல் யாரும் குடிபோகக் கூடாது என்று அக்கா வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையோடு குவைத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதுவரை புது வீடு கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படிச் செய்கிறவர்கள்தான். வீடு அங்கே, சாவி இங்கே!

அதற்கிடையில் எழுபத்தேழு நவம்பரில் ஆந்திராக் கரையில் பெரும்புயல் அடித்தது. அக்காவோடு வேலை பார்த்த ஆந்திரா நர்ஸ் ஒருத்திக்கு வீடு போயிற்று. அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

"தம்பி, வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடணும். கட்டுப்படியாகிற மாதிரி ஒரு கம்பெனி பாத்துச் சொல்லுங்க" என்றார்.

முதலில் குவைத் நகரத்தில் ஒரு லெபனான்காரர். கோட்டும் சூட்டுமாக, கமகமவென்று இருந்தார். வீடு எங்கே என்று கேட்டுப் பெரிய வரைபடத்தை விரித்தார். அக்கா விரலை வைத்துக் காட்டினார். கடலுக்குள் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டு நிலத்தை மனிதர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பினார். காபி நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது பம்பாய்க் கம்பெனி. மூன்று பக்கம் மரியாதையாக எழுதி, கடைசி வரியில் கத்தியை வைத்துவிட்டார்கள். தீப்பிடித்தால் பணம் தருவோம், அதற்குக் கட்டணம் கொஞ்சம்தான்; புயலையும் சேர்க்க வேண்டுமென்றால் வருஷத்துக்கு இவ்வளவு. அந்த இவ்வளவு அக்காவின் ஒரு மாதச் சம்பளம்.

"வீட்டச் சுத்தியும் தண்ணி கெடக்கு. தீய எவன் கேட்டான்?" என்று கத்தினார் அக்கா. நானா கேட்டேன்?

மூன்றாவதாக மதுரையில் ஒரு ஆபீஸ். அங்கே ராமையா என்று ஒரு அதிகாரி. முன்பின் பார்த்திராத அந்த மனிதரோடு அக்கா நாலு மாதம் தபாலில் பேரம் பேசினார். ஒவ்வொரு கடிதத்தையும் தட்டியவன் நான். தளத்தில் கம்பி எத்தனை கனம், அஸ்திவாரம் எத்தனை அடி, கடலுக்கும் வாசலுக்கும் எவ்வளவு தூரம், நடுவில் மணல்மேடு எவ்வளவு உயரம், எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். ஓட்டு வீட்டுக்கும் எனக்கும் ஒரே கட்டணமா என்று கேட்கச் சொன்னார். இன்ஜினியர் சான்றிதழும் நாலு பக்கத்துப் போட்டோவும் போயின. மதுரைக்காரர் மெல்ல மெல்ல இறங்கி வந்தார். கடைசியில், சேதத்தில் முதல் ஐந்நூறு ரூபாயை நீங்களே தாங்கிக்கொள்வதானால் கட்டணத்தை வெகுவாகக் குறைக்கலாம் என்று ஒரு வழி சொன்னார். பம்பாய் கேட்டதில் ஆறில் ஒரு பங்கு! அன்று சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு ஒரு முழு வஞ்சிர மீன் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பது சந்தோஷத்தில் அவருக்கு மறந்துவிட்டது. என் மனைவி ராதா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

கூடவே ஒரு படிவமும் வந்திருந்தது. கேள்விகளைப் படித்து, அக்கா சொல்லச் சொல்ல நிரப்பிக்கொண்டே வந்தேன். பதினோராவது கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. வீட்டில் குடியிருப்பவர் யார்? முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் புயல் சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

"உங்க தம்பி ஜான் பீட்டர் பேரப் போட்டுடறேன். மதுரையிலேர்ந்து எவன் வந்து பாக்கப்போறான்?" என்றேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "இருபது வருஷமா சார்ட்டுல பொய் எழுதினவ இல்ல நான். குடுக்காத மருந்தக் குடுத்ததா எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ஆளு செத்துப்போகும். இருக்கிறத எழுதுங்க."

"இருக்கிறத எழுதினா பாலிசி கெடையாது."

"அப்ப ஆள இருக்க வைக்கணும்" என்றாள் அடுக்களையிலிருந்து ராதா.

அக்கா படிவத்தைத் தள்ளி வைத்தார். காரணம் எனக்குத் தெரியும். அந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே தம்பி ஜான் பீட்டர். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். கரையோரத்தில் ஓலைக் குடிசை, மூன்று பிள்ளைகள். அவன் மனைவி சுகிர்தராணி, கட்டிக்கொண்டு வந்த புதிதில், "புருசன் புள்ள இல்லாதவுகளுக்கு வீடு எதுக்காம்?" என்று யாரிடமோ சொல்லிவிட்டாள். அந்தச் சொல் கடல் தாண்டிக் குவைத்துக்கு வந்து சேர்ந்தது. நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"என் வீட்டுக்குள்ள மொதக் காலு அவ காலா?" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது. பதிமூன்று வருஷம் அந்தப் பெண்மணி அடுத்தவர் பிள்ளைகளைக் கையில் ஏந்தியது இந்த ஒரு வாசற்படிக்காகத்தானே!

ஒரு வாரம் படிவம் என் மேஜைமேல் அப்படியே கிடந்தது. எட்டாவது நாள் அக்கா இறங்கி வந்து சாவியை மேஜைமேல் வைத்தார். "அக்டோபர் பொறக்கப் போகுது. பூட்டி வச்சுக்கிட்டுக் காத்துல விடுறதுக்கா கட்டினேன்? குடியிருக்கிறது ஜான் பீட்டர் குடும்பம்னு எழுதுங்க. அவுக உள்ள போயிட்டாகன்னு காயிதம் வந்த பெறகு அனுப்புங்க. அதுக்கு முந்தி அனுப்பாதீக."

பலசரக்குக் கடையில் வேலை பார்த்த கீழக்கரை நூஹு பாய் லீவில் போகிறவர். சாவியும் ஒரு பால்மாவு டின்னும் அவர் கையில் போயின. தம்பிக்கு ஒரு கடிதம் உண்டு. சுகிர்தராணிக்கு ஒரு வரி கிடையாது. குடிபோய்விட்டோம் என்று தம்பி பதில் போட்டான், படிவத்தை அனுப்பினேன், அக்டோபர் கடைசியில் பாலிசி வந்துவிட்டது. முத்திரையெல்லாம் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளவென்று இருந்தது. அக்கா அதை பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பர் கடைசி வாரம் சிலோன் ரேடியோவில் செய்தி வந்தது. மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட புயல் ராமநாதபுரம் கரைக்குப் போகிறது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. தந்தி அடித்தோம், பதில் இல்லை. கம்பிகள் அறுந்திருக்கும் என்றார்கள். அக்கா டியூட்டிக்குப் போனார், வந்தார், சாப்பிடவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "பாலிசி இருக்கே அக்கா, வீடு போனாலும் பணம் வந்துடும்" என்று ஆறுதல் சொன்னேன்.

"வீட்டுக்குத்தானே பாலிசி? உள்ள இருக்கிற அஞ்சு பேருக்கு எங்க போட்டேன்?" என்றார்.

டிசம்பர் நடுவில் நூஹு பாய் திரும்பி வந்தார். படி ஏறும்போதே, "எல்லாரும் சொகமா இருக்காக!" என்று கத்திக்கொண்டு வந்தார். புண்ணியவான். கையில் ஒரு கேசட். அக்காவிடம் டேப் ரிக்கார்டர் இல்லாததால் எங்கள் ஹாலில் வைத்துத்தான் போட்டோம்.

முதலில் கோழி கூவியது. பிறகு ஒரு பெண் குரல்.

"மதினி, சுகிர்தராணி பேசுறேன். ஒரு தப்புப் பண்ணிட்டேன், கோவிச்சுக்காதீக. ரெண்டு மாசமும் ஹாலுலதான் படுத்தோம். சமையக்கட்டத் தொறக்கவே இல்ல. கொல்லையில கல்லுக் கூட்டித்தான் பொங்குனேன். நீங்க வந்து பால் காய்ச்சணும்னுதான் அப்புடியே வச்சிருந்தேன். அன்னைக்கு ராவுல காத்து வந்துச்சு மதினி. எங்க குடிசை போச்சு, கரையில ஒரு குடிசை மிச்சமில்ல. சனமெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் ஓடியாந்துச்சு. நாப்பத்து மூணு பேரு. புள்ளைகளெல்லாம் நனைஞ்சு வெடவெடன்னு நடுங்குதுக. கொல்லையில அடுப்பு எங்க இருக்கு? சமையக்கட்டத் தொறந்து, நீங்க குடுத்தனுப்புன பால்மாவக் கலக்கி, ஒங்க அடுப்புல மொதப் பால நான் காய்ச்சிட்டேன். மன்னிச்சுக்கங்க. சன்னல் கண்ணாடி மூணு ஒடஞ்சுபோச்சு. வேற ஒண்ணும் ஆகல."

அக்கா திருப்பிப் போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகையின் நடுவிலேயே சிரித்தார். ராதாவும் அழுதாள். கண்ணாடி மூன்றும் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும், கம்பெனி ஒரு பைசா தராது என்று சொல்ல வாயெடுத்த நான் சமயத்தில் அடக்கிக்கொண்டேன்.

கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசச் சொல்லிச் சிவப்புப் பித்தானை அழுத்திக் கொடுத்தேன். அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு பேசப் போகிற முதல் வார்த்தை. டேப் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சுகிர்தா, பாலுக்குச் சீனி போட்டியா இல்லையா? அதச் சொல்லு மொதல்ல. தப்பெல்லாம் ஒண்ணுமில்லடி. நாப்பத்து மூணு பேரு குடிச்சிருக்காக, சாமியாரு வந்து மந்திரிச்சாலும் இதுக்கு மேல என்ன இருக்கு? கரையில திரும்பக் குடிசை போடாதீக. அங்கேயே இருங்க. பாலிசிக்காகச் சொல்லல, கேட்டுக்க. சனவரியில நான் வர்றேன். வாசல்ல நின்னு கூப்புடுவேன். நீ வந்து கதவத் தொற."