தூக்கிய கை

டீக்கடையில் டீ கேட்பதற்கும் தீபலட்சுமி கையைத் தூக்குவாள். முழங்கை காதை ஒட்டி நிற்கும்; ஐந்து விரலும் விரிந்திருக்கும். ஷேர் ஆட்டோவை நிறுத்தவும் அதே கைதான். வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டுமென்றாலும் தூக்கிவிட்டுத்தான் கேட்பாள். "ஸ்கூல்ல பழகிடுச்சு. கை தூக்காம பேசினா மிஸ் காதுலயே வாங்க மாட்டாங்க" என்பாள்.

வயது இருபத்து மூன்று. படப்பைக்கு அப்பால் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பெருங்களத்தூர்ப் பக்கம் அம்மா தனத்தோடு வாடகை வீடு. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கத் தெரியாத பெண். வீட்டுக்காரர் சாம்பசிவனுக்கு அது ஆகாது. "வாடகைக்கு இருக்கறவங்களுக்கு எதுக்கும்மா பாலிடிக்ஸ்? நாளைக்கே வேற ஏரியா போயிடுவீங்க."

"போற வரைக்கும் இந்தத் தெருவுலதானே சார் நடக்கணும்?"

தெருவோர வடிகாலுக்கு மூடி கிடையாது. அதைக் கேட்கத்தான், மழைக்காலத்துக்கு முன்னால் லீவு போட்டுவிட்டு வார்டு சபைக் கூட்டத்துக்குப் போனாள். சமுதாயக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். கூட்டம் முடியும்வரை கையை இறக்கவே இல்லை. மைக் நரைத்த தலைகளாகப் பார்த்துச் சுற்றிவிட்டு மேடைக்கே திரும்பிவிட்டது. யாரோ படம் மட்டும் எடுத்தார்கள்.

மழை வந்தது. தெருவும் வடிகாலும் ஒரே தண்ணீராகக் கிடந்த சாயங்காலம், பால் வாங்கப் போன தனம் அதற்குள் காலை விட்டுவிட்டாள். கணுக்கால் முறிந்தது. தன் தோளில் கிடந்த கடுகு நிறத் துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துத்தான் மகள் கட்டுப்போட்டாள்.

தண்ணீர் வடிந்ததும், தெருவின் வாட்ஸ்அப் குழுவில் புதிய கூட்டத்தின் படம் வந்தது. 'வடிகாலுக்கு மூடி போடும் பணி நிறைவு. அனைவரும் கைதூக்கி ஒப்புதல்.' வடிகால் இன்னும் திறந்தேதான் கிடந்தது. நட்டநடுவில் தீபலட்சுமி, தூக்கிய கையோடு. தோளில் கடுகு நிறத் துப்பட்டா, கிழியாமல். கூட்டம் நடந்ததாகச் சொன்ன நேரத்தில் அவள் தொழிற்சாலையில் இருந்தாள்.

'இது பழைய படம்' என்று குழுவில் எழுதினாள். அடுத்த மாதமும் அதே படம் வந்தது. "நேத்து மீட்டிங்ல இருந்தியே, பார்த்தேன்" என்றார் சாம்பசிவன், வாசலில் நிறுத்தி. கட்டுப்போட்ட காலை நீட்டியபடி தனம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "மூடி போட்டாச்சுன்னு நீயாடி கை தூக்கின?"

பெற்ற தாய் கேட்கிற குரலாக அது இல்லை. தான் மெஷின் முன்னால் நிற்கும்போது தன் கை மட்டும் தனியாகக் கூட்டத்துக்குப் போய்வருகிறதோ என்றுகூடத் தீபலட்சுமிக்குத் தோன்றியது. பாவம், யாரிடம் போய்ச் சொல்வாள்?

அடுத்த கூட்டத்துக்கு, சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டாள். வரிசை வரிசையாக நாற்காலிகள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மைக் ஆளில்லாமல் இரைந்தது. கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லாசரஸ் மட்டும் வாசலில் பூட்டும் கையுமாக நின்றார்.

"மீட்டிங் எப்பண்ணா?"

"முடிஞ்சிட்ச்சாம்மா. நான் இப்பதான் பூட்டத் தொறந்தேன், அதுக்குள்ள போன்ல படம் வந்துட்ச்சு. நீகூட குந்திகினு கீறியே." செல்போனை நீட்டினார். அதே துப்பட்டா. அதே வலது கை.

"நான் இப்பதாண்ணா வரேன்."

லாசரஸ் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்ப இது யாரும்மா?" கேலியாகக் கேட்கவில்லை, அவர் குரலே இறங்கிவிட்டிருந்தது.

அவள் உள்ளே போய், முதல் வரிசையில், மைக்குக்கு நேராக உட்கார்ந்தாள். வலது கையைத் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பிறகு இடது கையைத் தூக்கினாள்.