‘எழுதிட்டேங்க’ என்று சொல்லும் பட்டன்

சுவீடனின் வடக்கே நான் வசிக்கும் ஊரில் பலர் ‘ஆமாம்’ என்று வாயால் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுக்கிறார்கள். ‘ஷுப்’. அவசரத்தில் சூடான டீயை உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான் சம்மதம். ஊரின் பெயர் உமெயோ. முதல்முறை போனில் சொன்னபோது என் அக்கா, “ஊமையோவா? இப்படியும் ஒரு ஊருக்குப் பேரு வப்பாங்களாடா?” என்று கேட்டாள். வந்து சேர்ந்த பிறகு, பெயர் அப்படியொன்றும் தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது.

இந்த மூச்சுச் சத்தம் புரியாமல் ஒரு வாரம் வீணாய்ப் போனது. முப்பத்தாறு வயதில், செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலையில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தேன். எழுத்து எங்கே, படம் எங்கே, விரல் வைக்கும் பட்டன் எங்கே என்று தீர்மானித்து, அதை நிரலாக எழுதும் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொதுவான துணி துவைக்கும் அறைக்கு முன்பதிவு செய்யும் செயலி அது. ஆம், இங்கே துணி துவைக்கவும் முன்பதிவு செய்ய வேண்டும். என் மேலாளர் காரின் என்ற பெண்மணி. பட்டனைத் திரையின் அடியில் வைத்துக் காட்டி, “இங்கே சரியா?” என்றேன். ‘ஷுப்’. ஏதோ வலிக்கிறது போலிருக்கிறது, பிடிக்கவில்லை என்று நினைத்து மேலே ஏற்றினேன். மறுபடியும் ‘ஷுப்’. நடுவில் வைத்தேன். அதற்கும் ‘ஷுப்’. வெள்ளிக்கிழமை அவர் பொறுமையாக, “முதல் நாளே சரி என்று சொன்னேனே, ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறாய்?” என்று கேட்டார். எப்போது சொன்னீர்கள் என்றேன். மூன்று முறை சொன்னாராம்.

மனைவி மலர்விழிக்கு இங்கே பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை கிடைத்ததால் பின்னாலேயே வந்தவன் நான். அதற்கு முன் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்கள் கடை வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒன்பது வருடம் மற்றவர்களுடைய பெயரை, பிறந்த தேதியை அடுத்தவர் செய்த கட்டங்களுக்குள் அடைத்தவன், இப்போது அந்தக் கட்டங்களையே செய்யக் கற்றுக்கொண்டேன். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி; இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி; சாம்பல் நிறத்தில் எத்தனை சாம்பல். வெற்றிடம்கூட ஒரு பொருள்தான், அதையும் அளந்து வைக்க வேண்டும் என்று காரின் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. கண்ணில் படும் எல்லாச் செயலியையும் திறந்து திறந்து பார்க்கத் தொடங்கினேன்.

கற்றதைச் சொந்தமாகச் செய்துபார்க்கும் ஆசையில் அக்காவுக்கு ஒரு செயலி எழுதினேன். அக்கா தமிழ்ச்செல்வி திருவண்ணாமலையில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் சின்ன லாட்ஜ் நடத்துகிறாள். ஒரு நீள நோட்டில் பெயர் எழுதி அறை கொடுப்பாள். என் செயலியில் பெயரைத் தட்டச்சு செய்து ‘பதிவு செய்’ பட்டனைத் தொட்டால் போதும், காலியாக உள்ள அடுத்த அறையைச் செயலியே ஒதுக்கிவிடும். வெள்ளைத் திரை, ஒரே பட்டன், மேலே சிறிய எழுத்தில் காலி அறைகளின் எண்ணிக்கை. பட்டனைத் தொட்டால் அது லேசாக வெளிறும், மூலையில் ஒரு சின்ன டிக் தோன்றி மறையும். உமெயோவின் அழகு முழுவதையும் அதில் கொண்டுவந்துவிட்டதாக எனக்குப் பெருமை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே அக்காவின் போனில் ஏற்றவைத்தேன்.

ஆடிப் பௌர்ணமிக்கு முதல் நாள் போய்ச் சேர்ந்தேன். அக்கா உற்சாகமாக இருந்தாள். “ஃபுல்லுடா. நாலு நாளா போன் பண்றவங்க கிட்டல்லாம் இல்லன்னு சொல்லியே வாய் வலிக்குது” என்றாள். செயலியில் இன்னும் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, எல்லாம் சரி என்பதற்கு நான் ‘ஷுப்’ என்று மூச்சை இழுத்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. அக்கா பதறிப்போய், “இன்னாடா, வயித்த வலியா? பிளேன்ல இன்னாத்த தின்ன?” என்றாள்.

பௌர்ணமி அன்று மத்தியானம், விழுப்புரத்திலிருந்து முருகையன் என்பவர் மனைவியுடன் வந்தார். அக்கா செயலியில் அவர் பெயரைத் தட்டச்சு செய்ததும் அது காட்டிய நான்கு அறைகளின் சாவிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“எதுக்குங்க நாலு? நாங்க ரெண்டு பேர்தான் வந்திருக்கோம்.”

“நாலு ரூம்பு உங்க பேர்லதான இருக்குது?”

“ஒரு ரூம்புதாங்க கேட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கிப் பார்த்தேன். முருகையன், முருகையன், முருகையன், முருகையன். அவர் போனில் அறை கேட்ட அன்று அக்கா பட்டனைத் தொட்டிருக்கிறாள். அது வெளிறியது கண்ணில் படவில்லை. ஏறவில்லை என்று நினைத்து மறுபடி தொட்டிருக்கிறாள். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஓர் அறை போயிருக்கிறது. பெயர்ப் பட்டியலை முன்பே திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதை நான் மூலையில் உள்ள மூன்று கோடுகளுக்குள் ஒளித்துவைத்திருந்தேன்.

“இந்த மூணு கோட்ட தொட்டுப் பாக்கலியாக்கா?”

“அது விபூதிப் பட்டைன்னு நெனச்சேன்டா. நம்ம ஊருன்னு போட்டிருக்கன்னு நானும் சந்தோசப்பட்டுக்கினு இருந்தேன்.”

முருகையன் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சந்துக்கு வெளியே கிரிவலத்துக்கு வந்த கூட்டம் படுக்க இடம் தேடி அலைந்துகொண்டிருக்க, எங்களிடம் மூன்று அறைகள் பூட்டிக் கிடந்தன. அவை அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதைப்பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அவள் நினைத்தது கல்யாணியை. பண்ருட்டியிலிருந்து ஐந்து வருடமாக மாதாமாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிற பெண். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து முதல்முறையாக வருவதாகச் சொல்லி அறை கேட்டிருக்கிறாள். அக்கா இல்லையென்று சொல்லிவிட்டாள். உடனே போன் செய்தாள்.

“கல்யாணி, ரூம்பு இருக்குதும்மா. இப்ப கெளம்பினாக்கூட வந்துடலாம்.”

மறுமுனையில் பேசியது எனக்கும் கேட்டது. “இல்லக்கா, பரவால்ல. அம்மா நேத்தே அழுது முடிச்சிட்டாங்க. இப்ப திரும்ப கெளப்பினா தாங்க மாட்டாங்க.”

போனை வைத்துவிட்டு அக்கா நீள நோட்டை எடுத்து மேசைமேல் போட்டாள். “நான் இல்லன்னு சொன்னா இல்லன்னு நம்புவாங்கடா. அஞ்சு வருசமா அப்படித்தான். இப்ப பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சி” என்றாள். வேங்கிக்கால் கடையில், விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நானும் ஒரே பட்டனை எத்தனையோ முறை அழுத்தியிருக்கிறேன். அதைச் செய்தவன் எவன் என்று திட்டியிருக்கிறேன். இந்த முறை அதைச் செய்தவன் நான்.

மீதி விடுமுறையில் பாதியை அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தேன். அவள் நோட்டில் எழுதுவதைக் கவனித்தேன். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும், “எழுதிட்டேங்க. செய்யாறு பாஸ்கரு, மூணாம் நம்பர் ரூம்பு” என்று உரக்கச் சொன்னாள். அந்த ‘எழுதிட்டேங்க’ கேட்கும்வரை யாரும் போனை வைக்கவில்லை. ஒருவர், “எழுதிட்டீங்களாங்க?” என்று இரண்டு முறை கேட்டார். ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் காத்திருப்பதை இத்தனை நாளாக நான் கவனித்ததே இல்லை.

செயலியைத் திருத்தினேன். ஒருமுறை தொட்டதும் பட்டன் மறைந்துவிடும்; எத்தனை முறை தட்டினாலும் இரண்டாவது அறை போகாது. திரை முழுக்கப் பெரிய எழுத்தில் ‘எழுதிட்டேங்க’ என்றும், கீழே பெயரும் அறை எண்ணும் வரும். அக்கா ‘சரி’ என்று தொடும்வரை அது நகராது. பட்டியலை மூன்று கோடுகளிலிருந்து வெளியே எடுத்து முதல் திரையிலேயே போட்டேன். இடைவெளி கம்மியாகி எல்லாம் நெருக்கியடித்து நின்றது. அக்கா வேண்டாவெறுப்பாக ஒரு பெயரைப் போட்டு, வேண்டுமென்றே நாலைந்து முறை தட்டிப் பார்த்தாள். “ம். இப்ப சொல்லுது” என்றாள். நோட்டை மட்டும் மேசையிலிருந்து எடுக்கவில்லை.

உமெயோ திரும்பியதும் இதைக் காரினிடம் காட்டினேன். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கண்ணை அகல விரித்து, “இது ஏன் இப்படிக் கத்துகிறது?” என்று கேட்டார். கல்யாணியின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர், துணி துவைக்கும் அறைக்கு ஒரே ஆள் இரண்டு முறை பதிந்துவிடுவதாகக் குடியிருப்போரிடமிருந்து வந்த புகார்களை எடுத்து என் பக்கம் தள்ளினார். “கத்த வேண்டாம். ஆனால் சொல்லட்டும்” என்றார். எங்கள் செயலியில் இப்போது ‘க்ளார்ட்’, அதாவது ‘முடிந்தது’ என்ற ஒரு சொல், படிப்பவர் விலக்கும்வரை நிற்கிறது. சிறிய எழுத்துதான். அந்தச் சொல்லை வைத்த மாதம் என்னை வேலையில் நிரந்தரமாக்கினார்கள்.

அக்காவின் செயலியைச் சோதிப்பதற்காக அவளுடைய பட்டியல் என் போனிலும் தெரியும்படி வைத்திருந்தேன். சோதனை முடிந்தும் அதை நீக்க மனம் வரவில்லை. ஐப்பசிப் பௌர்ணமி அன்று இங்கே முதல் பனி விழுந்திருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து, விழுப்புரம், செய்யாறு, கீழ்பென்னாத்தூர் என்று அறைகள் ஒவ்வொன்றாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்த வரி: கல்யாணி, பண்ருட்டி, எட்டாம் நம்பர் ரூம். கொஞ்ச நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

“அந்த அம்மாவால படி ஏற முடியலடா. கீழ இருக்கறது நீ வந்தா தங்கற ரூம்புதான். குடுத்துட்டேன். ஒண்ணும் இல்லல்ல?”

“ஒண்ணும் இல்லக்கா. நல்லதுதான்.”

உண்மையில் நல்லதுதான். வந்துவிட்டார்களே என்ற மகிழ்ச்சியில் காரினிடமும் சொன்னேன். ஆனால் அந்த அறைக் கதவுக்குப் பின்னால், அடுத்த முறைக்கு இருக்கட்டும் என்று என் லுங்கி ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்நேரம் கல்யாணி அதை எடுத்து மடித்து ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் புடவையை அந்த ஆணியில் போட்டிருப்பாள். இங்கே என் நாற்காலியின் முதுகில் குளிர்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் இருந்த பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.