பேருக்கு நட்ட காப்பி

நிலத் தரகில் கால் தேய்வது மலையில் அல்ல, தாலுகா ஆபீஸ் வாசலில்தான். கையில் பத்திரத்தை வைத்துக்கொண்டு, “புது உத்தரவு வந்திருக்கு” என்ற பேச்சைக் கேட்டு அங்கே நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளில் ஏற்காட்டில் நான் தரகராக இருந்தபோது நடந்தவை இவை.

ஒரே வாரத்தில் எஸ்டேட்

சேலத்து வெல்ல மண்டிக்காரர் ராமசாமி என் பேச்சை நம்பி மாரமங்கலம் பக்கம் நாற்பது ஏக்கர் வாங்கினார். வாழ்நாள் சம்பாத்தியம் அத்தனையும் அதில்தான். வாங்கிய பிறகுதான் நில உச்சவரம்பு விஷயம் காதுக்கு வந்தது. அளவுக்கு மேல் இருக்கும் நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும். காப்பித் தோட்டமானால் தொட மாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அங்கே இருந்ததோ வெறும் முள்ளும் புதரும்! பார்வையிட எட்டு நாளில் தாலுகா ஆபீஸ் அதிகாரி வருகிறார்.

ஓடினேன் பாருங்கள், அப்படி ஓடியதே இல்லை! கிடைத்த காப்பி நாற்றையெல்லாம் லாரியில் ஏற்றினேன். வாழவந்தியிலிருந்து மேஸ்திரி பாப்பாத்தி பெரிய ஆள் கூட்டத்தோடு வந்து இறங்கினாள். ஒரு மூலையில் ஆரம்பித்தவள் மறு மூலையில்தான் நிமிர்ந்தாள்.

“ஏனுங்க, செடி வெக்கறமா, இல்ல பொண்ணழைக்கப் பந்தல் போடறமா? நொம்ப அவசரப்படறீங்களே!”

செடியைப் பிடுங்கிய அதிகாரி

அதிகாரி வந்தார். பத்தடி நடந்தார். குனிந்து ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தார். பிளாஸ்டிக் பையோடு வந்துவிட்டது! அவசரத்தில் நாற்றுப் பையைக் கிழிக்காமலே நட்டிருந்தோம். ராமசாமி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். போச்சு, நிலம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் செடியைத் திரும்ப வைத்து, மண்ணைத் தட்டிவிட்டு, படிவத்தில் ‘காப்பித் தோட்டம்’ என்று எழுதினார்.

“பாரத்துல காப்பி இருக்கா இல்லையான்னுதான் கேட்டிருக்கு, வயசு கேக்கலை. பையைக் கிழிச்சு நடுங்க, பாவம், செத்துடும்.”

லாட்ஜ் ஆசை

பல வருடம் கழித்து, ஏற்காட்டுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்து ராமசாமிக்கு லாட்ஜ் ஆசை வந்தது. எனக்கும் அதில் பங்கு என்றதும் தலைகால் புரியவில்லை! வரைபடத்தோடு அதே ஆபீசுக்குப் போனோம். புது அதிகாரி பழைய கோப்பைப் பிரித்தார். காப்பி இருக்கிறவரைதான் சலுகை. அழித்துக் கட்டடம் எழுப்பினால் மறுபடியும் உச்சவரம்பு வரும் என்றார்.

“அது பேருக்கு நட்டதுங்க, காப்பியே இல்லீங்க” என்று லாட்ஜ் ஆசையில் ராமசாமி ஒரு பொய்யை உளறினார். நான் அவர் காலை மிதிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். காப்பி இல்லை என்றால் பழைய சலுகையே மோசடி. மொத்த நிலத்துக்கும் ஆபத்து. நேரில் பார்க்கிறேன் என்று அதிகாரி கிளம்பிவிட்டார்.

முந்தின வாரம்தான் கோடை மழை பெய்திருந்தது. ஜீப் வளைவில் திரும்பியதும் மூன்று பேருமே எட்டிப் பார்த்தோம். நாற்பது ஏக்கரும் வெள்ளைவெளேர் என்று பூத்திருந்தது! வாசனை ரோடு வரைக்கும் அடித்தது. வருடா வருடம் பாப்பாத்தி பறித்து அனுப்பிய காப்பி மூட்டைகளை மட்டும் மண்டியில் வாங்கிப் போட்ட ராமசாமி, பூ பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே ‘காப்பி இருக்கிறது’ என்று எழுதிக் கோப்பை மூடினார். விஷயத்தைக் கேட்ட பாப்பாத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ராமசாமியிடம் சொன்னாள்:

“பேருக்கு நட்டதுன்னு சொன்னீங்களாமா? அது செடிக்குத் தெரியாதுங்களே, மொதலாளி!”

சட்டத்தை ஏமாற்றக் காப்பி நட்டோம். சட்டம் அவரை அசல் காப்பிக்காரராகவே ஆக்கிவிட்டு, என் லாட்ஜ் கனவை மட்டும் ஜப்தி செய்துகொண்டது.