பாக்கியம் அக்கா கடுதாசியை மடித்த பின்னேரம்

இந்த முறைத் தேர்தலுக்கு யாரோ ஒரு வேட்பாளரின் வீடியோ என் கைபேசிக்கு வந்தது. பின்னால் மேளம் முழங்க, அரை நிமிடத்தில் ஊரையே மாற்றிவிடுவதாகச் சொல்லி முடித்தார். தூய தமிழ், ஒரு சொல் பிசகவில்லை. பார்த்து முடித்ததும் என்ன சொன்னார் என்று நினைவில்லை. ஆனால் அதே மாதிரித் தமிழை நானும் ஒருகாலத்தில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேனே என்று உடம்பு கூசியது.

அப்போது நான் ஸ்கந்தபுரத்தில் ஒரு ஒலிபெருக்கிக் கடையில் அறிவிப்பாளன். வானொலியை நினைத்துவிடாதீர்கள். ஓட்டோக் கூரையில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக மரண அறிவித்தல் சொல்வதுதான் பிழைப்பு. அந்தக் குரலோடுதான் வாக்குக் கேட்கவும் போனேன். "அன்பார்ந்த" என்று இழுக்கவே படலைகள் திறந்துவிட்டன. ஒரு ஐயா சைக்கிளை நிறுத்தி, "ஆர் தம்பி மோசம் போனது?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை ஐயா. பாக்கியம் அக்கா எலெக்சன் கேக்கிறா."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாக்கியம் அக்கா சுயேச்சையாக நின்றவர். வயலில் கூலி வேலை. அவருடைய பெற்றோரும் என் பெற்றோரும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரங்களில் அடிபட்டு வந்து வன்னியில் குடியேறியவர்கள். எங்கள் குடியிருப்புக்கும் பெரிய றோட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எங்கள் கரையில், பெரிய பிள்ளைகளுடையது அந்தக் கரையில். மாரியில் தண்ணீர் பாதையை மேவிப் பாயும். இரண்டு கரைப் பிள்ளைகளும் அதற்குள் இறங்கித்தான் போய்வர வேண்டும். தண்ணீர் கீழே ஓட, பிள்ளைகள் மேலே நடக்க ஒரு மதகு கட்ட வேண்டும். அக்கா கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் வாக்குகள் அந்தக் கரையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெல் விதைத்த குடும்பங்களிடம் இருந்தன. எங்கள் பேச்சுக்கு அங்கே சிலர் சிரித்துக்கொண்டே வைத்திருந்த பெயர் தோட்டக்காட்டுக் கதை. அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் சின்ன வயதிலேயே நாக்கை மாற்றிக்கொண்டவன். வீட்டில் "வாங்க", வெளியில் "வாங்கோ". என் முதலாளிக்கே நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. அந்தக் கெட்டித்தனத்தில்தான் அக்காவுக்கு ஒரு பேச்சு எழுதினேன். "அலைகடலெனத் திரண்டிருக்கும் பெருமக்களே" என்று தொடங்கும். வரப்போவது முப்பது பேர்.

அக்கா ஒரு கிழமையாக அதை அடுப்படியில் பாடமாக்கினார்.

"தம்பி, பாதி வெளங்கலையே."

"வெளங்க வேணாக்கா, ஜனங்க கை தட்டுவாங்க," என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்!

பெரிய றோட்டு மண்டபத்தில் பின்னேரக் கூட்டம். மூன்றாவது வரியில் அக்காவுக்கு நாக்குத் தடக்கியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் நின்றார். பின்வரிசையில் ஒருவர், "பிள்ளை, உந்தத் தமிழ் தோட்டக்காட்டுக்குச் சரிவராது!" என்றார். மண்டபமே சிரித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கத்தில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அக்கா கடுதாசியை நாலாக மடித்து இடுப்பில் செருகினார். என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சத்தத்தக் கூட்டு."

கூட்டினேன்.

"நான் இப்படித்தான் பேசுவேன். எங்கம்மா பேசுன பேச்சு. புடிக்காதவங்க காதப் பொத்திக்கங்க. போன மாரியில நெஞ்சு வரைக்கும் தண்ணி. புள்ளைங்கள ஒவ்வொண்ணா தோள்ல தூக்கிக் கரை சேத்தேன். அதுல ஒங்க புள்ளைங்களும் இருந்துச்சுங்க. அப்ப ஒருத்தராவது, நீ என்ன தமிழ் பேசுறேன்னு கேட்டீங்களா?"

யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண் மட்டும் கதிரையை விட்டு எழும்பி, "ஓம், என்ர மகனையும் அவாதான் தூக்கினவா," என்றார். பின்வரிசைக்காரர் நிலத்தைப் பார்த்தார்.

அக்கா தோற்றார். பெரிய சின்னங்களுக்கு முன்னால் எங்கள் சின்னம் எடுபடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யார் மேடை ஏறினாலும் சனம் முதலில், "மதகு என்ன மாதிரி?" என்றுதான் கேட்டது. வென்றவர் வேறு வழியில்லாமல் கட்டினார். திறப்பு விழாவுக்கு அக்காவுக்கு அழைப்பில்லை. அவர் வந்தார். நாடா வெட்டுமுன்னே அதைத் தூக்கிக் குனிந்து, பிள்ளைகளோடு மறுகரைக்கு நடந்து போய்விட்டார்.

இப்போது அந்தக் கடை இல்லை. கூரையில் குழாய் கட்டிய ஓட்டோக்களைக் காண்பதும் அருமை. எல்லாம் கைபேசியில் முடிந்துவிடுகிறது. அதெல்லாம் போனால் போகட்டும். என்னிடமிருந்து போனதையும் சொல்லவேண்டும். அக்காவுக்கான பிரசாரத்தின் கடைசி நாள், பெரிய றோட்டில் ஓட்டோவில் போய், முழுச் சத்தத்தில், "வாங்க, நம்ம பாக்கியம் அக்காவுக்கு ஓட்டுப் போடுங்க!" என்று கத்தினேன். முதலாளி நடுறோட்டில் மறித்தார்.

"என்னடா, நீயும் தோட்டக்காட்டு ஆளோ?"

"ஆமாங்க," என்றேன்.

வேலை போயிற்று. பயமும் போயிற்று. இரண்டையும் நான் திரும்பத் தேடவில்லை.