இரண்டு ஊசி மிச்சம்

நாலாம் நாள் காலை பெனிசிலின் புட்டியை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனால், கட்டில் காலி. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

அப்போது நான் ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பெனிசிலின் எங்களுக்குப் புதுசு. சேலத்திலிருந்து பெட்டி வரும் நாளில் கல்யாண வீட்டுக்காரனைப் போல அலைவேன். நாட்றாம்பாளையத்திலிருந்து நிமோனியாவோடு வந்த அந்தப் பெண் பிழைக்கமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். டாக்டர் நாளைக்கு ஒன்றாக ஐந்து ஊசி எழுதினார். மூன்றாவதிலேயே எழுந்து உட்கார்ந்து களி கேட்டாள். ஏதோ நானே கண்டுபிடித்த மருந்து மாதிரி ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காய்ச்சல் விட்டதும் மூட்டை கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மருந்தைப் பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்கும். இன்னொரு தடவை வந்தால் அவள் தாங்கமாட்டாள். டாக்டரிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். மிதித்த மிதியில் செயின் கழன்றது; திட்டிக்கொண்டே மாட்டினேன்.

பஸ் ஸ்டாண்டில், அவர்கள் ஊர்ப் பக்கம் போகும் தேன்கனிக்கோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சைக்கிளைக் குறுக்கே போட்டேன். கண்டக்டர் தெலுங்கில் வைததை எழுத முடியாது. ஜன்னலோரம் இருந்த அவள் புருஷனிடம் கிருமி, வீரியம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"காச்சல்தான் போயிடுச்சுங்களே. கொல்லக்காட்டுல ராகி கதிரு புடிச்சு நிக்குது. நான் காவலுக்கு இல்லைன்னா யானை எறங்கிடும்" என்றார்.

ராகி போனால் அந்த வருஷம் அவர்கள் வீட்டில் களியும் இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார்.

போர்வைக்குள் சுருண்டிருந்த அவள்தான் புருஷனைப் பார்த்து வாய் திறந்தாள். "யானை வரப்பத் தாண்டி வெளிய போனதும் வந்து படுத்துக்குவியா நீ? மலை ஏத்திட்டுத்தானே வருவ?"

சொல்லிவிட்டு, அவருக்காகக் காத்திராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்கு நடுரோட்டில் குதிக்கவேண்டும் போலிருந்தது. அவர் பஸ்ஸிலிருந்த ஊர்க்காரரிடம், தம்பியைக் காவலுக்குப் போகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு பின்னால் இறங்கி வந்தார்.

ஐந்தாம் நாள் கடைசி ஊசியும் போட்டாயிற்று. காலிப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த புருஷன் என்னிடம் கேட்டார்.

"யானை மலை ஏறிடுச்சுங்களா?"

"ஏறிடுச்சுங்க" என்றேன்.