சரோஜா ஆன்ட்டி வீட்டு கராஜில் வைத்த பெட்டி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து காபி போடப் போய்விடுகிற ஆள் நான். பார்க்கிற வேலையும் அப்படி, கருவி காட்டினால் உண்டு, காட்டாவிட்டால் இல்லை. இதை நீங்கள் நம்பப் போவதில்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் வேலை டென்ஷன் என்று சொல்லிச் சிரித்திருப்பேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில். ஊருக்கு அடியிலேயே நிலநடுக்கம் தருகிற பிளவு ஓடுகிறது. எங்கோ பூமி ஆடத் தொடங்கியதும், அந்த ஆட்டம் வீடுகளை வந்து சேருவதற்குள் மக்களின் போனுக்கு எச்சரிக்கை போக வேண்டும், அதைச் செய்கிற குழுவில் எனக்கு வேலை. அதற்காக, சம்மதிக்கிறவர்கள் வீட்டில் கார் நிறுத்துகிற கராஜில், சிமென்ட் தரையில், செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைப் பதித்துவிட்டு வருவோம். தெரிந்தவர் வீடு என்பதால் சரோஜா ஆன்ட்டி வீட்டில் ஒன்று வைத்தேன். ஈரோட்டுக்காரர், மகன் செந்திலோடு இருக்கிறார், மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட்டால் மாலைவரை தனிதான்.

சத்தத்துக்குப் பயந்து நம்மவர்கள் பாதிப் பேர் கிரைண்டரை கராஜில்தானே வைக்கிறோம், ஆன்ட்டியும் அப்படித்தான். அவர் மாவு அரைத்தால் என் கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் கோடு தாறுமாறாக ஆடும். நான் போன் போட்டு, "இன்னிக்கு தோசைக்கு அரைச்சாச்சு போல?" என்று வம்பிழுப்பேன்.

ஒருநாள் கேட்டார். "அப்ப நான் இங்க வழுக்கி விழுந்தாக்கூட உனக்குத் தெரிஞ்சுருமா கண்ணு?"

"நீங்க தும்மினாலே தெரியும் ஆன்ட்டி."

"அப்பப் பயமில்ல. பகல்ல நான் ஒருத்திதானே கெடக்கறேன்."

கொஞ்ச நாளில் அந்த கிரைண்டரின் ஆட்டத்தை சிஸ்டம் நிலநடுக்கமோ என்று சந்தேகிக்க, ஆபீஸில் எனக்குத் தலைவலி. மற்ற பெட்டிகள் சும்மா இருக்கும்போது இது மட்டும் ஆடினால் கண்டுகொள்ளாதே என்று சிஸ்டத்தில் ஒரு விதி எழுதிவிட்டேன். வேலையைப் பொறுத்தவரை அதில் தப்பில்லை, உண்மையான நிலநடுக்கம் என்றால் எல்லாப் பெட்டியும்தான் ஆடும். ஆனால் அதை ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை, அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

அன்று என் மகள் தியாவுக்குக் காய்ச்சல், அதனால் வீட்டிலிருந்தே வேலை. காலை மீட்டிங்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன், யாரோ தட்டுகிற சத்தம். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. வாசலில் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் கூரை வேலை என்று நினைத்தால் அதுவும் இல்லை. சோபாவில் படுத்திருந்த தியாவிடம் கேட்டேன்.

"ஐ டோன்ட் ஹியர் எனிதிங், அப்பா."

எனக்கு மட்டும் கேட்கிறது, அதுவும் எங்கள் கராஜ் பக்கமிருந்து. சமையலறைக்குப் பக்கத்தில் கராஜுக்குள் போகிற கதவைத் திறந்து, "யாரு?" என்றேன். இத்தனை வருஷத்தில் இங்கே கதவைத் தட்டியவர்களிடம் நான் தமிழில் கேட்டதே இல்லை, அன்று ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை. உள்ளே இருட்டு, கார் நிற்கிறது, காலுக்கடியில் தரை லேசாக அதிர்கிறது, வாஷிங் மெஷின் ஓடுகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டால் அது அணைந்து கிடக்கிறது. சும்மா சொல்லவில்லை, பயந்துதான் போனேன். ஆனாலும் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம், மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டதே என்று கதவைச் சாத்திவிட்டு, தட்டுகிற சத்தம் கேட்கக் கூடாதென்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் செந்தில் போன் செய்தார். "அம்மா கராஜ்ல விழுந்துட்டாங்க, இடுப்பு எலும்பு போச்சு. நான் வந்து பாக்கற வரைக்கும் மாவு வழிக்கிற கரண்டியால தரையத் தட்டிக்கிட்டே இருந்திருக்காங்க. கிரைண்டர் ஓடினதுல கூப்பிட்டது யாருக்கும் கேக்கல."

உடனே அந்தப் பெட்டியின் பதிவைத் திறந்தேன். கிரைண்டர் ஓடுகிறது, தொப்பென்று ஒரு பெரிய அதிர்வு, அதற்குப் பிறகு மூன்று மூன்றாகத் தட்டு, கிரைண்டர் ஆட்டத்துக்கு நடுவிலும் பளிச்சென்று தெரிகிறது. பெட்டி ஒன்று விடாமல் கேட்டிருக்கிறது, என் விதி ஒன்று விடாமல் தள்ளியிருக்கிறது. அழுதுவிட்டேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம்தான் நேரத்தைப் பார்த்தேன். ஆன்ட்டி விழுந்தது மத்தியானம். நான் சத்தம் கேட்டது காலையில், மீட்டிங் பதிவில்கூட ஆரம்பத்திலேயே, யாரோ தட்டுகிறார்கள், மன்னியுங்கள் என்று என் குரல் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் அரிசியைக்கூட கிரைண்டரில் போட்டிருக்கவில்லை. மற்றவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்புவது என் பிழைப்பு. எனக்கு ஒன்று வந்தபோது நான் ஹெட்போனை மாட்டியிருக்கிறேன்.

மனப்பிரமை என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செந்தில் வெளியில் போன நேரம் பார்த்து ஆன்ட்டியின் கையைப் பிடித்து, "சாரி ஆன்ட்டி, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பொய் சொல்லாதே கண்ணு. நான் தட்டினப்ப நீ கதவத் தெறந்து யாருன்னு கேட்டியே. உன்ற கொரல் எனக்குத் தெரியாதா? நாந்தான் கண்ணுன்னு சொன்னேன். கேட்டுப்போட்டு ஏன் சாத்திப்போட்டே?"

நான் கதவைத் திறந்தது தியாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்த விதியை எடுத்துவிட்டேன். அப்படி ஒன்று இருந்ததைச் செந்திலிடம் இன்னும் சொல்லவில்லை, அவரோ அந்தப் பெட்டி இருந்ததால்தான் அம்மா தைரியமாகக் கிடந்தார் என்று எனக்கே நன்றி சொல்கிறார். ஆன்ட்டி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்பும்போதும், "கதவச் சாத்தாமப் போ கண்ணு" என்கிறார். வேறு யாரிடமும் அம்மா அப்படிச் சொல்வதில்லையே, உங்களிடம் மட்டும் ஏன் என்று செந்தில் கேட்கிறார்.