மாஸ்டர் மகள் பாஸ்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரிடம் சேர்ந்தவர் யாரும் லைசென்ஸ் டெஸ்டில் கோட்டை விட்டதில்லை. ஓட்டத் தெரிந்ததா என்பது வேறு விஷயம். அதிகாரி எந்தத் திருப்பத்தில் நிறுத்தச் சொல்வார், கண்ணாடியைப் பார்க்கும்போது தலையை எவ்வளவு திருப்பினால் அவர் கண்ணில் படும் என்பதெல்லாம் மாஸ்டருக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவருடைய மகள் மூன்றாம் வகுப்பு. பேச்சில் புலி, புத்தகத்தைத் திறந்தால் மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வரும். “ஒரு மதிப்பீடு பண்ணிடலாம் சார். வாசிப்புல பின்தங்கியிருக்கான்னு டெஸ்ட் வச்சுப் பாப்பாங்க. ஆமான்னா, தினமும் ஒரு மணி நேரம் தனி டீச்சர் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுப்பாங்க” என்றார் வகுப்பு ஆசிரியை. மாஸ்டர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான்: டெஸ்ட்.

விடுவாரா மனுஷன்? அவரிடம் கார் பழகும் ஒரு பெண்ணின் மகனுக்குப் போன மாதம்தான் அதே மதிப்பீடு நடந்திருந்தது. கூட இருந்த அந்தத் தாய், வாசிக்கக் கொடுத்த பக்கங்களைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். பிறகென்ன, பத்து நாள் வீட்டில் பயிற்சி. “வரி முடிஞ்சா விரலைக் கீழ இறக்கு. நடுவுல ஒரு தடவை திக்கு, அப்பதான் நம்புவாங்க.”

“என்னங்க இது கூத்து? என்ன தெரியலன்னு பாக்கத்தானே கூப்பிடுறாங்க?” என்றாள் மனைவி.

“ஊரையே பாஸ் பண்ண வச்சவன், பெத்த பொண்ணை ஃபெயிலாக விடணுமா?”

மதிப்பீட்டு நாளில் அதே பக்கங்கள்தான் வந்தன. மகள் கடகடவென்று ஒப்பித்தாள். திக்க வேண்டிய இடத்தில் அழகாகத் திக்கினாள். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது: ‘வாசிப்பு வயதுக்கேற்ற அளவில் உள்ளது. தனி ஆசிரியர் உதவிக்குத் தகுதி இல்லை.’

அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. மகளையும் கூட்டிக்கொண்டு, மதிப்பீடு செய்த அம்மையாரிடம் ஓடினார்.

“மேடம், அவளுக்கு ஒரு வரி கூட வாசிக்க வராதுங்க. எல்லாம் நான் மனப்பாடம் பண்ண வச்சது.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க. இதை ரத்து பண்ணச் சொல்லிக் காரணத்தோட எழுதி ஆபீஸ்ல கொடுங்க. வேற கேள்விகளை வச்சு மறுபடி பாக்குறேன். பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, தெரியாததைத் தெரியாதுன்னே சொல்லணும்னு.”

எழுதிய தாளோடு வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த மகள் துள்ளி எழுந்தாள். “அப்பா, நான் பாஸுன்னு கிளாஸ்ல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க!” அவள் வாழ்க்கையில் பாஸான ஒரே டெஸ்ட் அது.

அவள் தாளைப் பார்த்தாள். “என்னைப் பத்தியா எழுதியிருக்கீங்க? படிச்சுக் காட்டுங்கப்பா.”

மாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கையெழுத்தையே எழுத்துக் கூட்டித் தடுமாறித் தடுமாறி வாசித்தார்: “என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது.”